ஒட்டகங்கள் நடந்த வழியில்: ஆஸ்திரேலியப் பாலையில் முஸ்லிம் முன்னோடிகள்

ஜூலை மாதம் தெற்கு ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். பள்ளிகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். கூடாரம், தண்ணீர்க் கலன்கள், அடுப்பு, அரிசி மூட்டை, தொழுகை விரிப்பு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடிலெய்டிலிருந்து வடக்கே, ‘அவுட்பேக்’ எனப்படும் உள்நாட்டு வறண்ட நிலத்தை நோக்கிப் புறப்படும் குடும்பங்கள் பல. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. செம்மண்ணையும், உப்பு ஏரிகளையும், நகர வெளிச்சம் தொடாத இரவு வானத்தையும் காண்பதற்காகவே எல்லோரும் போகிறார்கள். அந்தப் பாதை எவர் காலடியில் உருவானது என்பதைப் பயணக் கையேடுகள் ஓரிரு வரிகளில் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. அந்த வரிகளுக்குப் பின்னால் 1860 முதல் 1920கள் வரை அங்கே உழைத்த குறைந்தது 2,000 மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நாம் மனைவி மக்களோடு கூடாரம் அடித்து மகிழும் அதே இடங்களில் அவர்கள் மனைவி மக்களைப் பிரிந்து, பலர் ஆயுள் முழுவதும், தனியே தங்கினார்கள். அவர்கள் சாலை இன்றும் இருக்கிறது. அவர்கள் குடும்பங்கள் என்னவாயின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வடக்கே செல்வோர் வண்டியில் ஏறுமுன் அடிலெய்டு நகரின் லிட்டில் கில்பர்ட் தெருவுக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே நீலக்கல்லால் கட்டப்பட்ட சிறிய பள்ளிவாசல் ஒன்று உள்ளது. 1888-89இல் ஒட்டகக்காரர்கள் தங்கள் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்த பணத்தில் எழுந்தது அது. நான்கு மினாராக்களும் 1903இல் சேர்க்கப்பட்டன. ஆஸ்திரேலிய நகரங்களில் கட்டப்பட்ட பள்ளிவாசல்களுள் இன்றுவரை நிலைத்திருக்கும் மிகப் பழையது இதுவே. பாலையில் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேலை செய்தவர்கள் ரமளான் மாதத்தைக் கழிக்கவும், பெருநாள் தொழவும், முதுமையில் ஒதுங்கவும் இங்கே வந்தார்கள். வளாகத்தின் சிறு வீடுகள் வேலை செய்ய இயலாத முதியவர்களுக்காகவே அமைந்தவை. ஊரில் வீடும் பிள்ளைகளும் இருந்திருந்தால் அந்த முதியவர்களுக்கு அவ்வறைகள் தேவைப்பட்டிருக்குமா என்ற கேள்வி அங்கே நிற்கும்போது எழாமல் இராது.

இவர்களை ஆஸ்திரேலியர்கள் ஒரே சொல்லில் ‘ஆப்கான்’ என்றார்கள். அந்தச் சொல் பின்னர் ‘கான்’ என்று குறுகி, அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ஓடும் புகழ்பெற்ற ரயிலின் பெயராக நிலைத்துவிட்டது. உண்மையில் அவர்கள் ஒரே நாட்டார் அல்லர். பலூச்சிகள், பட்டாணியர், சிந்திகள், பஞ்சாபியர், காஷ்மீரிகள் எனப் பலர். பலருடைய பேச்சுமொழி வேறு, உணவுமுறை வேறு. ஒருவரையொருவர் விரும்பாத குலங்களும் அவர்களிடையே இருந்தன. ஆயினும் பாலையின் நடுவே கிப்லாவை நோக்கி ஒரே வரிசையில் நின்றார்கள். பெரும்பாலோர் கராச்சித் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். மூன்றாண்டு ஒப்பந்தம், மாதச் சம்பளம், முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கை. நம்முடைய காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ‘சபராளி’ என்னும் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கடல் கடந்த ஆணும், ஊரில் கடிதத்துக்குக் காத்திருக்கும் வீடும் நமக்குப் பழகிய கதைதான். ஆனால் நம் சபராளிகள் பெரும்பாலும் திரும்பிவந்தார்கள்.

ஏன் ஒட்டகம்?

ஆஸ்திரேலியாவுக்கு முதல் ஒட்டகம் வந்தது 1840இல். கானரித் தீவுகளிலிருந்து ஏற்றப்பட்டவற்றில் ஒன்றே ஒன்று உயிரோடு கரையிறங்கியது. அதற்கு ‘ஹாரி’ என்று பெயரிட்டார்கள். 1846இல் ஜான் ஹோராக்ஸ் என்னும் ஆய்வுப் பயணி அதைத் தம்மோடு கொண்டுபோனார். அவர் துப்பாக்கியைத் தயார்செய்துகொண்டிருந்தபோது அந்த ஒட்டகம் அசைய, குண்டு வெடித்து அவர் காயமுற்று மாண்டார். ஒட்டகத்தை அறிந்தவர் இல்லாமல் ஒட்டகத்தால் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1860இல் மெல்போர்னிலிருந்து புறப்பட்ட பர்க்-வில்ஸ் பயணத்துக்காக ஜார்ஜ் லாண்டல்ஸ் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்களைக் கொண்டுவந்தபோது, ஒட்டகக்காரர்களையும் சேர்த்தே அழைத்துவந்தார். அவர்களுள் தோஸ்த் முஹம்மது ஒருவர். அந்தப் பயணத்தின் தலைவர்களான பர்க்கும் வில்ஸும் 1861இல் கூப்பர் ஓடைக்கரையில் பட்டினியால் இறந்தார்கள். அவர்களுக்குச் சிலைகள் உண்டு. பள்ளிப் பாடநூல்களில் பக்கங்கள் உண்டு. தோஸ்த் முஹம்மது பின்னர் ஓர் ஆண் ஒட்டகத்தின் தாக்குதலில் கையின் பயனை இழந்து, மெனிண்டீ என்னும் சிற்றூரிலேயே தங்கி, அங்கேயே மறைந்தார். அவருடைய தனித்த கப்று ஊருக்கு வெளியே இருக்கிறது.

குதிரையும் மாடும் அந்த நிலத்தில் ஏன் தோற்றன என்பது எளிது. மாட்டுவண்டிக்கு நாள்தோறும் நீர் வேண்டும். கோடையில் நூறு கிலோமீட்டருக்கு ஒரு குட்டைகூட இல்லாத வழிகள் அங்கே உண்டு. ஒட்டகம் உப்புச்செடிகளைத் தின்றே நாட்களைக் கடத்தும். மென்மையான அகன்ற பாதம் மணலில் புதையாது. நல்ல ஆண் ஒட்டகம் அரை டன் சுமக்கும். அல்காஷியா அத்தியாயத்தில் ஒட்டகத்தின் படைப்பைச் சிந்திக்குமாறு அல்லாஹ் நமக்குக் கூறுவதை ஓதியிருக்கிறோம். அந்த நிலத்தில் நின்று பார்க்கும்போது அச்சொல்லின் பொருள் கண்முன்னே விரிகிறது.

போர்ட் அகஸ்டா முதல் பெல்டானா வரை

அடிலெய்டிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில் போர்ட் அகஸ்டா. நீண்ட பயணம் செல்வோர் இங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வாங்கிக்கொடுத்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். 1865ஆம் ஆண்டின் கடைசி நாளில் இந்தத் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. செல்வந்தரான தாமஸ் எல்டருக்காக கராச்சியிலிருந்து 120க்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஒட்டகக்காரர்களையும் அது கொண்டுவந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் ஒட்டகப் போக்குவரத்து ஒரு தொழிலாக வேரூன்றியது அன்றிலிருந்துதான். சொறிநோயால் முதல் ஆண்டிலேயே பல ஒட்டகங்கள் மாண்டன. எஞ்சியவற்றைக் கொண்டு ஃப்ளின்டர்ஸ் மலைத்தொடரின் வடக்கே பெல்டானா என்னும் பண்ணையில் இனப்பெருக்கம் தொடங்கினார்கள்.

பெல்டானா இன்று பெரும்பாலும் வெறிச்சோடிய கற்கட்டடங்கள் நிற்கும் இடம். ஆனால் பாலைவன ஆய்வின் வரலாறு ஏறக்குறைய முழுவதும் இங்கிருந்து புறப்பட்டதே. 1873இல் வில்லியம் காஸ் மேற்கொண்ட பயணத்தில் கம்ரான் என்னும் ஒட்டகக்காரர் சென்றார். உலுரு என்று அந்நிலத்தின் மக்கள் அழைக்கும் பெரும்பாறையின் மீது காஸ் ஏறியபோது உடன் ஏறியவர் கம்ரானே. காஸ் அந்தப் பாறைக்கு தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயலாளரான அயர்ஸ் என்பவரின் பெயரைச் சூட்டினார். அந்தப் பாறை அனங்கு மக்களுக்குப் புனிதமானது. அதில் ஏறுவது 2019 அக்டோபரில் முற்றிலுமாக நிறுத்தப்பட்டது. அது நல்ல முடிவு என்றே கருதுகிறேன். 1875இல் எர்னஸ்ட் கைல்ஸ் மேற்கு நோக்கிச் சென்ற பயணத்தில் சாலிஹ் என்பவர் ஒட்டகங்களைப் பேணினார். 17 நாட்கள், 500 கிலோமீட்டருக்கும் மேல், ஒரு சொட்டு நீர் இல்லாத வழியைக் கடந்து அவர்கள் ஒரு சுனையை அடைந்தார்கள். அந்தச் சுனையைக் கண்டுபிடித்தவர் உடன் வந்த பூர்வகுடி இளைஞர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் சுற்றிவரும் சில பெருமிதக் கட்டுரைகள், முஸ்லிம்கள்தாம் ஆஸ்திரேலியாவைக் கண்டறிந்தார்கள் என்ற அளவுக்கு எழுதுகின்றன. அது உண்மையன்று, நமக்கு அது தேவையும் இல்லை. அந்தப் பாலை எவரும் இல்லாத வெற்றிடமாக என்றும் இருந்ததில்லை. அரபானா, தியேரி, அட்ன்யமதன்ஹா முதலிய பூர்வகுடி மக்கள் ஒவ்வொரு சுனையையும் பெயரிட்டு அறிந்திருந்தார்கள். ஊட்னடாட்டா பாதையும், அதனருகே 1870-72இல் போடப்பட்ட தந்திக் கம்பியும், பின்னர் வந்த ரயில் தண்டவாளமும் வரிசையாகப் பூமியிலிருந்து ஊறும் ஊற்றுகளைத் தொட்டுத் தொட்டே செல்கின்றன. அந்த ஊற்று வரிசை பூர்வகுடிகளின் வணிகப் பாதை. ஒட்டகக்காரர்கள் செய்தது, அந்த நிலத்தில் குடியேறியவர்களுக்கு மாவும் தேயிலையும் சர்க்கரையும் தகரமும், ஏன், பியானோப் பெட்டிகளும்கூடக் கொண்டுசேர்த்து, திரும்பும்போது கம்பளிப் பொதிகளைச் சுமந்துவந்தது. அந்த உழைப்பு இல்லாமல் உள்நாட்டில் ஒரு பண்ணையும் நின்றிருக்காது. அந்தப் பெருமையே போதும்.

ஃபரீனாவின் மையவாடி

லிண்ட்ஹர்ஸ்ட் தாண்டியதும் சாலை நேராக நீண்டு, ஃபரீனா என்னும் கைவிடப்பட்ட ஊரை அடைகிறது. இலத்தீனில் அப்பெயருக்கு மாவு என்று பொருள். இங்கே கோதுமை விளையும் என்று நம்பி 1878இல் பெயரிட்டார்கள். மழை பொய்த்தது, ஊர் கரைந்தது. ஆற்றோர மரநிழலில் நல்ல முகாம் திடல் இருக்கிறது. குளிர்காலத்தில் தன்னார்வலர்கள் பழைய நிலத்தடி ரொட்டி அடுப்பை மூட்டி ரொட்டி சுடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான் என்பதை மறைப்பதற்கில்லை.

ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி மையவாடி. கிறித்தவக் கல்லறைகள் ஒரு பக்கம். ஒட்டகக்காரர்களின் கப்றுகள் தனியே. கிறித்தவர்களை அங்கே கிழக்கு மேற்காக அடக்கியிருக்கிறார்கள். கிப்லா மேற்கே இருப்பதால் முஸ்லிம்களின் கப்றுகள் வடக்கு தெற்காக அமைந்திருக்கின்றன. பெயரெழுதாத கப்றுகளையும் அந்தத் திசையே அடையாளம் காட்டுகிறது. ஜனாஸாவைக் குளிப்பாட்டவும், கஃபனிடவும், தொழுகை நடத்தவும் அந்த வனாந்தரத்தில் நாலுபேர் இருந்திருக்கிறார்கள். சகோதரர்கள்தாம் இருந்தார்கள், தாயோ மனைவியோ மகனோ இல்லை. அங்கே ஸலாம் சொல்லி துஆச் செய்தபின் என் மகள், “இவங்க வீட்டுக்கு யாரு சொல்லியிருப்பாங்க?” என்று கேட்டாள். பல குடும்பங்களுக்கு அந்தச் செய்தி போயே சேர்ந்திருக்காது.

மர்ரீ: தண்டவாளத்தின் இருபுறமும்

1884இல் ரயில் எட்டிய மர்ரீ, ஒட்டகக்காரர்களின் உண்மையான தலைநகர். அங்கிருந்து வடகிழக்கே பேர்ட்ஸ்வில் வரை 500 கிலோமீட்டருக்கும் மேலான பாதையில் ஒட்டக வரிசைகள் சென்றன. வடமேற்கே ஊட்னடாட்டாவுக்கும் அப்பாலும் சென்றன. ஊரைத் தண்டவாளம் இரண்டாகப் பிரித்தது. ஒருபுறம் ஐரோப்பியர்களின் தங்கும் விடுதியும் கடைகளும். மறுபுறம் ‘கான் டவுன்’: ஒட்டகக்காரர்களும் பூர்வகுடிகளும். மையவாடியிலும் அந்தப் பிரிவினை தொடர்ந்தது. கான் டவுனில் மண்ணாலும் மரத்தாலும் ஆன பள்ளிவாசல் ஒன்றும், உளூச் செய்ய நீர்த் தொட்டியும், சுற்றிலும் பேரீச்சை மரங்களும் இருந்தன. அது சிதைந்து மறைந்தபின், ஊர் நடுவே அதன் மாதிரி ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் பள்ளிவாசல் மர்ரீயா, அடிலெய்டா என்று வாதிடுவோர் உண்டு. கூரை வேய்வதற்கு முன்பே, எங்கே முதல் ஒட்டகக்காரர் மணலைச் சமன்செய்து நின்றாரோ அங்கேயே அந்தக் கணக்கு தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

மர்ரீயின் புகழ்பெற்ற முஸ்லிம் பெஜா தர்வேஷ். பலூச்சிஸ்தானில் பிறந்து, பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணிபுரிந்து, 1890 வாக்கில் ஆஸ்திரேலியா வந்தவர். 1896இல் லாரன்ஸ் வெல்ஸ் தலைமையில் பெரும் மணற்பாலையைக் கடந்த கால்வர்ட் பயணத்தில் ஒட்டகங்களின் பொறுப்பு அவருடையது. அந்தப் பயணத்தில் குழுவிலிருந்து பிரிந்து சென்ற இருவர் தாகத்தால் இறந்தார்கள். வெல்ஸ் தம் திசைகாட்டியை பெஜாவுக்குப் பரிசாக அளித்தார்; ஒரு குன்றுக்கும் அவர் பெயரைச் சூட்டினார். பெஜா பின்னர் மர்ரீயில் ஓர் ஐரோப்பிய விதவையை மணந்து, குடும்பமாக வாழ்ந்து, பேரீச்சை வளர்த்து, 1957இல் மறைந்தார். அவர் மகன் ஜாக், அதாவது அப்துல் ஜப்பார், 1939இல் மேடிகனின் சிம்ப்சன் பாலைப் பயணத்தில் ஒட்டகங்களை நடத்திச் சென்றார். தந்தைக்கு ஒரு பெயர், மகனுக்கு இரண்டு பெயர்கள்: ஒன்று பள்ளிவாசலுக்கு, ஒன்று ஊருக்கு.

எல்லோருக்கும் பெஜாவின் பேறு கிட்டவில்லை. சிலர் அரபானா முதலிய பூர்வகுடிப் பெண்களை மணந்தனர்; சிலர் ஐரோப்பியப் பெண்களை. முஸ்லிமை மணந்த ஐரோப்பியப் பெண்ணைத் தண்டவாளத்தின் மறுபுறம் ஒதுக்கியது. பூர்வகுடித் தாய்மார்களின் பிள்ளைகள் மீதோ, அரசின் ‘பாதுகாப்பு’ச் சட்டங்களின் நிழல் எப்போதும் இருந்தது. கலப்புப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தெடுத்துச் செல்லும் அதிகாரம் அதிகாரிகளுக்கு இருந்த காலம் அது. கான், மூஷா, ததலே, சத்தூர் போன்ற குடும்பப் பெயர்கள் அந்நாட்டின் உட்பகுதியில் இன்றும் கேட்கின்றன. அவர்களுள் பலர் பூர்வகுடி மக்களாகவே தம்மை அறிகிறார்கள். பாட்டனார் தொழுததைச் சொல்வார்கள்.

சட்டம் அடைத்த கதவு

ஒட்டகக்காரர்கள் குடும்பத்தை அழைத்துவராததற்கு ஒப்பந்தமும் வறுமையும் முதற்காரணம். 1901க்குப் பிறகு சட்டமும் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவான அதே ஆண்டில் நிறைவேறிய குடியேற்றத் தடைச் சட்டம், நாட்டுக்குள் வர விரும்புபவரிடம் ஏதேனுமொரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லி எழுதச்சொல்லும் அதிகாரத்தை அலுவலருக்கு வழங்கியது. எந்த மொழி என்பது அலுவலரின் விருப்பம். ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறு மொழி கொடுக்கலாம். வெள்ளையரல்லாதவரைத் தோற்கடிப்பதற்காகவே செய்த தேர்வு அது. தொடக்கத்தில் ஏற்கெனவே குடியிருப்பவரின் மனைவி மக்களுக்கு ஒரு விலக்கு இருந்தது. 1905இல் அந்த விலக்கும் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 1903இன் குடியுரிமைச் சட்டம் ஆசியாவில் பிறந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே இடம் தரவில்லை.

ஊருக்குப் போய்வர வேண்டுமானால் முன்கூட்டியே விலக்குச் சான்றிதழ் பெற வேண்டும். புகைப்படம் இரண்டு கோணங்களில், உள்ளங்கையின் மைப்பதிவு, நன்னடத்தைக்குச் சாட்சிகள். அந்தச் சான்றிதழ்கள் ஆஸ்திரேலிய ஆவணக்காப்பகத்தில் இன்றும் உள்ளன. குற்றவாளியைப் பதிவுசெய்வது போன்ற அந்தப் படங்களில், தலைப்பாகை கட்டிய முகங்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. குறித்த காலத்துக்குள் திரும்பாவிட்டால் கதவு அடைபடும். ஊரில் மனைவியோடு இருப்பதா, ஆஸ்திரேலியாவில் சேர்த்த ஒட்டகங்களோடும் பிழைப்போடும் இருப்பதா? இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் வழியைச் சட்டம் விட்டுவைக்கவில்லை.

பகை சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை. மாட்டுவண்டிக்காரர்கள் தங்கள் கூலியைக் குறைத்தவர்கள் என்று இவர்களை வெறுத்தார்கள். 1894இல் மேற்கு ஆஸ்திரேலியாவில், குடிநீர்க் குட்டையில் கால் கழுவினார்கள் என்ற தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சுட்ட வெள்ளையரை நீதிமன்றம் விடுவித்தது. நமக்கு உளூவாகத் தெரிவது அவர்களுக்கு நீரை அசுத்தப்படுத்துவதாகத் தெரிந்தது. பாலையில் ஒரு குட்டை நீர் என்பது எத்தனை உயிர்களுக்கானது என்பதையும் நாம் நினைக்க வேண்டும். ஆயினும் கொல்லும் அளவுக்கு அது காரணமாகுமா?

பேரீச்சை மரங்களின் கீழ் ஓர் இரவு

மர்ரீயிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டரில் கவர்ட் ஸ்பிரிங்ஸ். பழைய ரயில் நிலையம் இருந்த இடம். 1886இல் தோண்டிய ஆழ்குழாயிலிருந்து வெதுவெதுப்பான நீர் பெருகுகிறது. சுற்றிலும் பேரீச்சை மரங்கள். பாதையின் அழகான முகாம் திடல் இதுவென்றே சொல்வேன். நாங்கள் அங்கே இரண்டு இரவுகள் தங்கினோம். மஃரிபையும் இஷாவையும் முஸாபராகச் சேர்த்துத் தொழுதுவிட்டு, விறகடுப்பில் ஆட்டிறைச்சிச் சாறு வைத்தோம். இறைச்சியை அடிலெய்டில் ஹலால் கடையில் வாங்கிப் பனிப்பெட்டியில் கொண்டுவந்திருந்தோம். அன்றைய ஒட்டகக்காரர்கள் ஆய்வுப் பயணங்களில் தங்கள் கையாலேயே அறுத்த இறைச்சியைத் தவிர வேறு உண்ண மறுத்ததைப் பயணத் தலைவர்கள் எரிச்சலோடு குறித்துவைத்திருக்கிறார்கள். டப்பியில் அடைத்த மாட்டிறைச்சி தின்னும் குழுவில், பசியோடும் கொள்கையோடும் தனியே அமர்ந்திருந்தவர்கள் அவர்கள்.

ஊட்னடாட்டாவை ரயில் 1891இல் எட்டியது. அடுத்த 38 ஆண்டுகள், 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை தண்டவாளம் நீளும் வரை, நடு ஆஸ்திரேலியாவுக்கான எல்லாச் சரக்கும் ஊட்னடாட்டாவில் இறங்கி ஒட்டகத்தில் ஏறின. தந்தி நிலையங்களுக்கு உணவும், சுரங்கங்களுக்குக் கருவியும் அவ்வழியே போயின. தங்களை வேலையற்றவர்களாக்கப் போகும் தண்டவாளத்துக்குத் தேவையான பொருட்களையும் அந்த ஒட்டகங்களே சுமந்தன. 1920களில் லாரிகள் வந்தன. 1925இல் தெற்கு ஆஸ்திரேலியா ஒட்டக அழிப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. பிள்ளைகளைப் போல் வளர்த்த ஒட்டகங்களைச் சுட மனமின்றி, பலர் அவற்றை இரவோடிரவாகப் பாலையில் அவிழ்த்துவிட்டார்கள். அவற்றின் வழிவந்தவை பெருகிப் பெருகி, நீர்நிலைகளைப் பாழாக்கும் அளவுக்கு ஆகி, 2009 முதல் 2013 வரை அரசு மேற்கொண்ட திட்டத்தில் சுமார் 1,60,000 ஒட்டகங்கள் கொல்லப்பட்டன. இதில் எவரைக் குறை சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்நீரை நம்பி வாழும் பூர்வகுடிச் சமூகங்களின் துன்பமும் உண்மையானது.

ப்ரோக்கன் ஹில்லில் ஒரு நூல்

சிட்னியிலிருந்து வரும் குடும்பங்கள் திரும்பும் வழியில் ப்ரோக்கன் ஹில் சுரங்க நகரத்தைத் தொட்டுச் செல்லலாம். அங்கே வடக்கு ஒட்டகத் திடலில் தகரத்தால் ஆன சிறிய பள்ளிவாசல் நிற்கிறது. இந்நகரின் வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு நாள் உண்டு. 1915 ஜனவரி 1 அன்று, முல்லா அப்துல்லா, கூல் பாதுஷா முஹம்மது என்னும் இருவர் துருக்கியக் கொடியோடு, உல்லாசப் பயணிகள் நிறைந்த ரயிலை நோக்கிச் சுட்டார்கள். பொதுமக்கள் நால்வர் கொல்லப்பட்டனர்; தாக்கியவர்களும் மாண்டனர். முல்லா அப்துல்லா ஹலால் முறையில் ஆடறுத்தவர். உரிமமில்லாத இடத்தில் அறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர். அவருடைய மனக்காயத்தைப் புரிந்துகொள்ளலாம். குடும்பங்கள் நிறைந்த ரயிலைச் சுட்டதை எந்தக் காயமும் நியாயமாக்காது. அதன்பின் அமைதியாகத் தொழில் செய்துவந்த ஒட்டகக்காரர்கள் மீதும் சந்தேகத்தின் நிழல் படிந்தது.

அப்பள்ளிவாசலில் ஒரு பழைய நூல் பல்லாண்டுகளாகத் திருக்குர்ஆன் என்று குறிக்கப்பட்டிருந்தது. வரலாற்றாய்வாளர் ஸாமியா காத்தூன் அதைத் திறந்து பார்த்தபோது, அது வங்காள மொழியில் செய்யுளாக அமைந்த நபிமார்களின் வரலாறு, கஸஸுல் அன்பியா, என்று தெரிந்தது. கல்கத்தாவில் அச்சானது; ஏறத்தாழ 500 பக்கங்கள். ‘ஆப்கான்’ என்று ஒற்றைச் சொல்லில் அடைக்கப்பட்ட கூட்டத்தில் வங்காளிகளும் இருந்தார்கள். ஓசையோடு படிப்பதற்காகக் கவிதை நூலைப் பெட்டியில் வைத்து அந்தப் பாலை வரை எடுத்துவந்தவர் ஒருவர் இருந்தார். நம் ஊர்களில் சீறாப்புராணமும் நபிமார் வரலாறும் ராகத்தோடு படிக்கக் கேட்டவர்களுக்கு அந்த இரவுகளைக் கற்பனை செய்வது கடினமன்று.

அடிலெய்டில் முல்லா போன்று மதிக்கப்பட்ட மஹமத் ஆலம் என்னும் முன்னாள் ஒட்டகக்காரர், மூலிகை மருத்துவராகி, ஏழைகளுக்குக் காசு வாங்காமல் மருந்து கொடுத்தார். உரிமமின்றி மருத்துவம் செய்ததாக 1935இல் அவர்மீது வழக்கு வந்தது. மக்கள் அவரைக் கைவிடவில்லை. 1964இல் அவர் மறைந்தபோது ஒட்டகக்காரர்களின் தலைமுறை ஏறக்குறைய முடிந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் போஸ்னியாவிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் அடிலெய்டு வந்து லிட்டில் கில்பர்ட் தெருப் பள்ளியைத் தேடிப்போனார்கள். அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய வயது முதிர்ந்த ஒட்டகக்காரர்கள், பள்ளியின் கதவை மூடாமல், ஜமாஅத்துக்கு ஆள் வரும் என்று காத்திருந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அந்த முற்றத்தில் குழந்தைகளின் சத்தம் கேட்டது அப்போதுதான்.

போக நினைக்கும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையே தகுந்த காலம், ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரியில் 50.7 பாகை வெப்பம் பதிவாகியிருக்கிறது. மழை பெய்தால் மண் பாதையை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் ஓட்டினால் அபராதம் உண்டு. மர்ரீயை விட்டால் அடுத்த எரிபொருள் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வில்லியம் கிரீக்கில்தான். குடிநீரை ஆளொன்றுக்குக் கணக்குப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள். நீர் குறைந்தால் தயம்மும் செய்ய மண்ணுக்குப் பஞ்சமில்லை. கிப்லா நேர் மேற்கிலிருந்து சற்று வடக்கே. ஃபரீனாவிலும் மர்ரீயிலும் மையவாடிக்குப் போவதற்கு அரை மணி நேரம் ஒதுக்கிவையுங்கள்.